சில்டெனாஃபிலும் தடாலஃபிலும்: காரைக்குடியிலிருந்து ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

விறைப்புக் குறைபாட்டுக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். முதலில் சில்டெனாஃபில், அதன் பிறகு தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் தடாலஃபில், இப்போது நாள்தோறும் எடுக்கும் குறைந்த அளவுத் தடாலஃபில் என்று மூன்று விதமாகவும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உண்டு. இந்த விஷயத்தைப் பங்காளிகளும் நண்பர்களும் என்னிடம் விசாரிக்கும்போது, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வேலை செய்யுமா?” என்று மட்டுமே கேட்கிறார்கள். செய்யும். ஆனால் எந்த உணவுக்குப் பிறகு, வேறு எந்த மாத்திரைகளோடு, எந்த அளவுச் சர்க்கரையில் செய்யும் என்பதை யாரும் கேட்பதில்லை. எனக்கு இந்த மருந்து முதலில் பலிக்காமல் இருந்ததற்கும் பிறகு பலித்ததற்கும் காரணம் முழுக்க அங்கேதான் இருந்தது.

மதுரையில் நான் பார்த்த சிறுநீரியல் மருத்துவர் முதல் சந்திப்பில் மாத்திரை எதையும் எழுதவில்லை. ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து, கடந்த ஆறு மாத நிலையை வைத்து மதிப்பெண் போடச் சொன்னார். மொத்தம் 25, 22-ஓ அதற்கு மேலோ இருந்தால் குறைபாடு இல்லை என்று பொருள். என் மதிப்பெண் அதற்கு வெகு கீழே இருந்தது. நான் எடுத்துவந்த மருந்துகளின் பட்டியல், காலையில் எடுத்த ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இ.சி.ஜி. என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏற முடியுமா என்று அவர் கேட்டபோது, குன்றக்குடி மலைப்படிகளை நிற்காமல் ஏறிவிடுவேன் என்றேன். அது போதும் என்றார். இதயத்தைப் பற்றி இவ்வளவு விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. ஆண்குறிக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை. கொழுப்புப் படிவும் உட்சுவர்ச் சேதமும் பெரிய குழாய்களில் அறிகுறி காட்டுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இங்கே காட்டிவிடக்கூடும். எனவே இந்தக் குறைபாட்டோடு வருகிற நடுத்தர வயதுக்காரரை முதலில் இதய நோயாளியாக இருக்கக்கூடியவர் என்று கருதித்தான் அவர் சோதிக்கிறாராம். எனக்கு இதயத்தில் கோளாறு எதுவும் தென்படவில்லை. ரத்த அழுத்தத்துக்காக நான் நெடுங்காலம் எடுத்துவந்த அட்டெனோலால் விறைப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால், என் குடும்ப மருத்துவரிடம் பேசி அதை வேறு வகைக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். நானாகவே அதை நிறுத்திவிடக் கூடாது என்றும், திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து என்றும் தாளிலேயே எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகுதான் 50 மில்லிகிராம் சில்டெனாஃபில் வந்தது. இந்த மருந்து ஆசையை உண்டாக்குவதில்லை. மனத்தில் கிளர்ச்சி பிறக்கும்போது ஆண்குறியின் நரம்பு முனைகளும் ரத்தக் குழாய்ச் சுவரும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. அதனால் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற வேதிப்பொருள் பெருகி, தசைகள் தளர்ந்து, ரத்தம் உள்ளே பாய்கிறது. அந்த வேதிப்பொருளைச் சிதைத்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பி.டி.இ.5 என்னும் நொதி. மாத்திரை செய்வது அந்த நொதியைக் கட்டிப்போடுவதுதான். முதல் கிளர்ச்சி நம்மிடமிருந்துதான் வர வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட ஒரு மருந்து, பங்கேற்றவர்களிடம் கண்ட பக்கவிளைவால் தன் பாதையை மாற்றிக்கொண்டு 1998 மார்ச்சில் அமெரிக்காவில் இந்தப் பயனுக்கு ஒப்புதல் பெற்ற கதையைப் பலரும் அறிந்திருப்பார்கள். நைட்ரிக் ஆக்சைடின் செயலைக் கண்டறிந்த மூவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

சர்க்கரை நோயாளிகளிடம் இதன் பலன் சற்றுக் குறைவு என்பதை மருத்துவர் மறைக்கவில்லை. சர்க்கரை நோயுள்ள 268 ஆண்களிடம் நடத்தி 1999-இல் வெளியான ஆய்வில், சில்டெனாஃபில் எடுத்தவர்களில் 56 விழுக்காட்டினரும் ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 10 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டதாகச் சொன்னார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எதிர்பார்த்தபடி பலிக்கவில்லை என்று இதைப் புரிந்துகொண்டேன். ஆகவே முதல் சில முறைகள் சரிவராதபோது நான் இடிந்துபோகவில்லை.

சரிவராததற்கு எங்கள் ஊர்ச் சாப்பாடும் ஒரு காரணம். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பிறகு சில்டெனாஃபில் எடுத்தால், அது ரத்தத்தில் உச்ச அளவை எட்டுவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அந்த உச்சமும் குறையும். செட்டிநாட்டில் விசேஷ நாளின் இரவு உணவு என்பது கோழிக் குழம்பு, முட்டை, நெய், அதற்கு மேல் பால் பணியாரம் என்று போகக்கூடியது. ஒரு மணி நேரத்தில் வேலை செய்ய வேண்டிய மாத்திரை அந்த வயிற்றில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடக்கும். அதற்குள் வீட்டில் எல்லோரும் உறங்கிவிடுவார்கள், நாங்களும் உறங்கிவிடுவோம். இரண்டு இட்டிலியோடு உணவை முடித்துக்கொண்ட இரவுகளில் அதே 50 மில்லிகிராம் ஒழுங்காகப் பலித்தது. மருந்து பலவீனமானது என்று சொல்லி அளவைக் கூட்டிக் கேட்பவர்கள் முதலில் இரவுச் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பது நல்லது.

பக்கவிளைவுகளைப் பொறுத்தவரை, முகம் சிவந்து சூடேறுவது, மூக்கடைப்பு, நெற்றிப் பொட்டில் தலைவலி ஆகிய மூன்றும் எனக்கு வந்தன. சித்திரை மாதத்து வெக்கையில் முகச் சூடு சகிக்க முடியாததாக இருக்கும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலையும் கிறுகிறுக்கும். இடையில் 100 மில்லிகிராமுக்கு உயர்த்தியபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய எங்கள் வளவுச் சுவர் பாலைப் போல வெளுப்பானது. அன்று இரவு அது இளநீலமாகத் தெரிந்தது. விழித்திரையில் உள்ள பி.டி.இ.6 என்னும் உறவு நொதியையும் இந்த மருந்து ஓரளவு தொட்டுவிடுவதால் அப்படித் தெரியுமாம். சில மணி நேரத்தில் நீங்கிவிட்டது. ஆனால் ஒரு கண்ணில் பார்வை திடீரென்று மங்கினாலோ, காது சட்டென்று கேட்காமல் போனாலோ, விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தளராமல் வலித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது எனக்குத் தரப்பட்ட எச்சரிக்கை. கூச்சத்தால் விடியும்வரை பொறுத்திருப்பவர்களுக்கு நிலையான சேதம் நேர்ந்துவிடக்கூடும்.

சில்டெனாஃபிலை நான் கைவிட்டதற்குக் காரணம் இந்தத் தொல்லைகள் அல்ல. கடிகாரம்தான் காரணம். “மணி பார்த்துத்தான் பேசணும்னா எனக்கு வேண்டாங்க” என்று என் மனைவி ஒருநாள் சொல்லிவிட்டார். மாத்திரை போட்டாயிற்று என்று தெரிந்தவுடன் தமக்கு விருப்பம் இல்லாவிட்டாலும் இணங்க வேண்டியிருக்கிறது என்பது அவர் மனக்குறை. இதைச் சொன்னபோது மருத்துவர் 10 மில்லிகிராம் தடாலஃபிலுக்கு மாற்றினார். இது உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ பதினேழரை மணி நேரம் ஆகும். சில்டெனாஃபிலுக்கு நான்கு மணி நேரமே. தடாலஃபிலின் பலன் 36 மணி நேரம்வரை நீடிக்கக்கூடும், உணவாலும் அது பாதிக்கப்படுவதில்லை. சனிக்கிழமை மாலையில் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமையும் அடங்கிவிடும் என்பதால் எங்கள் இருவரிடமும் இருந்த பதற்றம் பெரிதும் தணிந்தது. ஆனால் மறுநாள் முதுகிலும் தொடையிலும் ஒரு குடைச்சல் வரும். பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகே தலைகாட்டி, இரண்டு நாளில் அடங்கிவிடும் இந்த வலி தடாலஃபிலில் அறியப்பட்ட பக்கவிளைவு. அதனால் நாள்தோறும் 5 மில்லிகிராம் என்ற முறைக்கு வந்தேன். வலி மிகவும் குறைந்தது. முகச் சூடு இல்லை. புராஸ்டேட் வீக்கத்தால் இரவில் பலமுறை எழுந்து போவதும் குறைந்திருக்கிறது. இதே 5 மில்லிகிராம் அளவு 2011 முதல் அமெரிக்காவில் அந்த வீக்கத்தின் அறிகுறிகளுக்கும் ஒப்புதல் பெற்றது என்பதைப் பிறகு அறிந்தேன்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து செல்வது எங்கள் குடும்ப வழக்கம். விரத காலத்தில் இந்த மாத்திரையை நிறுத்திவிடுவேன். நிறுத்துவதால் ஏக்கமோ உடல் உபாதையோ ஏற்படுவதில்லை. பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்தாக இருக்குமோ என்று அஞ்சுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். திரும்பத் தொடங்கும்போது ரத்தத்தில் நிலையான அளவு வர ஏறத்தாழ ஐந்து நாட்கள் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு இரண்டாக விழுங்கக் கூடாது.

இந்த மாத்திரைகளை எடுக்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். என் பங்காளி ஒருவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். சார்பிட்ரேட் மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். அது நைட்ரேட் வகை. நாவுக்கடியில் வைத்தால் நைட்ரிக் ஆக்சைடாக மாறிக் குழாய்களை விரிக்கும்; அதே பாதையைச் சில்டெனாஃபிலும் திறந்துவைத்திருந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். ஆகவே அவருக்கு இந்த மருந்து இல்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டு, உறுப்பைச் சுற்றிக் காற்றை உறிஞ்சி ரத்தத்தை உள்ளே இழுக்கும் வெற்றிடக் கருவியைப் பரிந்துரைத்தார். அதில் உறுப்பு சற்றுக் குளிர்ந்து மரத்தாற்போல் இருக்கிறது, ஆனால் காரியம் நடக்கிறது என்கிறார் அவர். எனக்கே நெஞ்சுவலி வந்தாலும், சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும் தடாலஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் தரக் கூடாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மயங்குபவரின் வாயில் பக்கத்து வீட்டுக்காரர் சார்பிட்ரேட்டை வைத்துவிடுவது நம் ஊர்களில் நடக்கக்கூடியதே. அதனால்தான் என் மனைவிக்கும் மகனுக்கும் நான் எடுக்கும் மருந்தின் பெயர் தெரியும். மகனிடம் சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது; சொல்லிவிட்டேன். சிறுநீர் அடைப்புக்குத் தரும் டாம்சுலோசின், படை அரிப்புக்குத் தரும் இட்ராகோனசோல் போன்றவற்றோடும் அளவை மாற்றவோ எச்சரிக்கையாக இருக்கவோ வேண்டியிருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு அரிப்பு அடிக்கடி வருவதால், தோல் மருத்துவரிடம் போகும்போதும் மருந்துச் சீட்டுகள் முழுவதையும் எடுத்துப் போகிறேன்.

பிறருடைய அனுபவங்கள் பலவாறாக இருக்கின்றன. புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட நண்பருக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்ததால் எந்த மாத்திரையும் உதவவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவனுக்குத் திருமணமான புதிதில் இந்தச் சிக்கல். காலையில் விழிக்கும்போது விறைப்பு இயல்பாகவே இருந்தது, பரிசோதனைகளும் சரியாக இருந்தன. பயமே அவனுக்கு நோய் என்று கண்ட மருத்துவர், சில வாரங்களுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து, மனநல ஆலோசனைக்கும் அனுப்பினார். இப்போது அவன் எதுவும் எடுப்பதில்லை.

மூன்றாமவர் சந்தையில் லேகியம் வாங்கிச் சாப்பிட்டவர். அது அருமையாக வேலை செய்ததாகவும், கூடவே முகச் சூடும் மூக்கடைப்பும் தலைவலியும் வந்ததாகவும் அவர் வியப்போடு சொன்னபோது எனக்கு வியப்பு வரவில்லை. மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் இவ்வகைப் பொருட்களில் அறிவிக்கப்படாத சில்டெனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பது தெரியாமல் விழுங்குபவர் சட்டைப் பையில் சார்பிட்ரேட்டும் வைத்திருந்தால் என்னவாகும்? பாலியல் திறனைக் கூட்டுவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருந்தும், லாட்ஜ் வைத்தியர்களின் சுவரொட்டிகள் குறையவில்லை.

கடையில் வாங்குவதில் எனக்கு இன்னும் முழுத் துணிச்சல் வரவில்லை. காரைக்குடியில் கடைக்காரர் என்னை அறிவார், என் அப்பச்சியையும் அறிந்திருந்தார். சர்க்கரை மாத்திரைச் சீட்டிலேயே தடாலஃபிலையும் சேர்த்து எழுதித் தரும்படி மருத்துவரைக் கேட்டுக்கொண்டேன். நீளமான பட்டியலில் ஒரு வரியாக அது கடந்துவிடுகிறது. சீட்டில்லாமல் தரக் கூடாத மருந்து என்றாலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு. ஒரே மூலப்பொருள், ஒரே அளவு, ஆனால் வணிகப் பெயருக்குப் பெயர் விலை வெகுவாக வேறுபடுகிறது. நாள்தோறும் எடுக்கும் முறையில் மாதச் செலவு கூடும் என்பதால் வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. விலை குறைந்ததிலும் எனக்குப் பலன் குறையவில்லை.

மாத்திரைக்கு வெளியே நடந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு என் மனைவிக்கு வறட்சியும் வலியும் இருந்தன. நான் தயாராக இருந்த இரவுகளிலும் அவர் தயங்கியதற்கு அதுவே காரணம் என்பது, இருவரையும் சேர்த்து உட்காரவைத்து மருத்துவர் கேட்டபோதுதான் வெளிவந்தது. மகப்பேறு மருத்துவர் தந்த களிம்பும் வழவழப்புத் திரவமும் என் மாத்திரை அளவுக்கு உதவின என்றே சொல்வேன். ஆணுக்கு மட்டும் மருந்து எழுதி அனுப்பிவிடுகிற மருத்துவர்கள் பாதிச் சிகிச்சைதான் செய்கிறார்கள் என்பது என் கருத்து.

இப்போதைய நிலையில், சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் மாதங்களில் பெரும்பாலும் பலன் கிடைக்கிறது. திருமண விருந்துகள் நெருங்கிவரும் தையிலும் வைகாசியிலும் சர்க்கரை ஏறும்போது கண்கூடாகக் குறைகிறது. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு நாள்தோறும் எடுக்கும் முறை ஏற்றதல்ல என்பதால், ஆண்டுதோறும் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். கடைசியாகப் பார்த்தபோது எல்லைக்குள் இருந்தது. 5 மில்லிகிராமையே தொடரச் சொல்லி, அடுத்த முறை வரும்போது இ.சி.ஜி.யும் எடுத்துவரும்படி எழுதியிருக்கிறார்.