அளப்பவரும் வசூலிப்பவரும் ஒருவர் கீழேயா? சொத்து வரிப் பிரிவுக்கு மூன்று அமைப்புகள்

மாடியில் ஓர் அறை கட்டினோம். அளக்க வந்தவர் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். சுவரோரம் நின்று பிடித்துக்கொண்டேன். மாடிப்படியின் பரப்பைக் கீழ்த்தளத்தில் ஒருமுறை எழுதினார், மேல்தளத்தில் மறுபடி எழுதினார். வரி கேட்பு வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. மனு கொடுத்தேன். விசாரணைக்குப் போனால், எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்த வரிவிதிப்பில் கையெழுத்திட்ட அதே அதிகாரி. மார்ச் மாதம் வேறு. மேசையில் வசூல் இலக்குத் தாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் மதிப்பிடுவது, வசூலிப்பது, மனுவை விசாரிப்பது என மூன்றையும் ஒரே தலையில் கட்டினால் அவர் என்ன செய்வார்?

2022 அக்டோபரில் வந்த அரசாணை 152, சென்னை நீங்கலாக 20 மாநகராட்சிகளின் பணியிடங்களை மாற்றியமைத்தது. அப்போது பேச்செல்லாம் எத்தனை இடம் போகிறது, எத்தனை இடம் ஒப்பந்தத்துக்குப் போகிறது என்றே இருந்தது. அந்தக் கவலை நியாயமானது. யார் யாருக்குக் கீழே என்ற கேள்வியும் அதே அளவு முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதல் அமைப்பு, இப்போது நாம் பழகியிருப்பது: மண்டலத்துக்கு ஓர் அதிகாரி. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது 15 மண்டலம், 200 வார்டு என்று பிரித்தார்கள். மண்டலத்தில் உதவி வருவாய் அலுவலர். அவருக்குக் கீழே மதிப்பீட்டாளரும், வரி வசூலிக்கும் பில் கலெக்டரும். தெரு தெரிந்த ஆட்கள், மக்களுக்கு ஒரே படி ஏறினால் போதும். இதன் பலம் அதுதான்.

பலவீனம் அரையாண்டு முடியும்போது தெரியும். கேட்பு (வர வேண்டிய வரி), வசூல், நிலுவை என்ற மூன்று கணக்கைத்தான் ஆய்வுக் கூட்டத்தில் பார்க்கிறார்கள். அதனால் மதிப்பீட்டாளரும் வசூலுக்கு இறங்குகிறார். வீட்டுக்கு வரி கட்டிக்கொண்டு கீழே கடை நடத்தும் கட்டடத்தைப் போய்ப் பார்ப்பது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. அதிகாரிகளின் கடவுச்சொல்லைக் கொண்டு கணினியில் வரியைக் குறைத்தார்கள் என்பதுதான் மதுரை மாநகராட்சி வழக்கின் புகார். 2025இல் பலர் கைதானார்கள், மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். ஒரே வரிசையில் எல்லா அதிகாரமும் இருக்கும்போது, பக்கத்திலிருந்து பார்த்துக் கேட்க ஆள் இருப்பதில்லை.

இரண்டாவது, பிரித்து வைப்பது. மதிப்பீட்டாளர்கள் எல்லாரும் ஒரு தலைமை மதிப்பீட்டு அலுவலருக்குக் கீழே. வசூல் வேறொருவருக்குக் கீழே. மேல்முறையீடு இருவரையும் சாராதவரிடம். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. எந்த வீட்டில் புதிதாக மாடி ஏறியிருக்கிறது என்று முதலில் கண்ணில் படுவது பில் கலெக்டருக்குத்தான். மதிப்பீடு வேறு பிரிவுக்குப் போய்விட்டால் அவர் ஏன் சொல்ல வேண்டும்? அவருடைய பதவி உயர்வும் பெரும்பாலும் மதிப்பீட்டுப் பக்கமாகத்தான் போகிறது. அந்த ஏணியை எடுத்துவிட்டு அமைப்பை மட்டும் பிரித்தால் பத்தாண்டு அனுபவமுள்ளவர்கள் மனம் விட்டுப்போவார்கள். பதவி உயர்வு இருக்கட்டும். தான் வசூலித்த வார்டை அவரே மதிப்பிடக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் வேண்டும். நாலைந்து பில் கலெக்டர்களை வைத்து ஓடும் சிறு நகராட்சிக்கு இந்தப் பிரிவினை கட்டுப்படியாகாது என்பதும் உண்மை.

மூன்றாவது, மதிப்பீட்டை உள்ளாட்சியிடமிருந்தே எடுத்து மாநில அளவிலான வாரியத்திடம் கொடுப்பது. மேற்கு வங்கம் 1978இலேயே மத்திய மதிப்பீட்டு வாரியத்துக்குச் சட்டம் இயற்றியது. மத்திய அரசின் 13ஆவது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கான மானியத்தின் நிபந்தனைகளில் ஒன்றாகச் சொத்து வரி வாரியத்தைச் சேர்த்தது. இந்த அமைப்பில் கவுன்சிலர் போன் போட்டு மதிப்பைக் குறைக்கச் சொல்ல முடியாது. ஊருக்கு ஊர் முறை மாறாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1974 முதல் இப்படித்தான். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 சந்தை மதிப்பை வைத்துப் புதுப்பிக்கிறார்கள். அதே நாட்டின் ஒன்டாரியோவிலும் மதிப்பீடு ஒரே அமைப்பின் கையில்தான். அங்கே 2020இல் நடக்க வேண்டிய மறுமதிப்பீடு கொரோனாவில் நின்றது. 2025 வரிக்கும் 2016 ஜனவரி 1 மதிப்பையே வைத்தார்கள். மேலே ஒரு முடிவு தடைபட்டதால் மாகாணம் முழுவதும் தடைபட்டது. நமக்கும் அந்த அனுபவம் உண்டு. சென்னையில் 1998க்குப் பிறகு 2018இல் உயர்த்திய வரியை 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். மறுபடி உயர்ந்தது 2022இல். என் மாடிப்படிக் கணக்கைத் திருத்தத் தலைநகருக்கு மனு அனுப்ப வேண்டிய நிலையையும் நான் விரும்பவில்லை.

ஆகவே மாநகராட்சிகளுக்கு இரண்டாவது அமைப்பையே கேட்பேன். சிறு நகராட்சிகள் பணியிடங்களை அப்படியே வைத்துக்கொண்டு, மேல்முறையீட்டுக் கோப்பை மட்டும் பக்கத்து நகராட்சி அதிகாரியிடம் மாற்றிக் கொடுக்கலாம். புதுப் பணியிடம் எதுவும் உருவாக்க வேண்டியதில்லை. என் படிக்கட்டை அளக்காத ஒருவர் வந்து, டேப்பின் மறுமுனையைப் பிடித்தால் போதும்.