எண்ணெய் மிதக்கும் பீனட் பட்டரா, மிதக்காததா?

மேலே எண்ணெய் மிதக்கும் பாட்டிலைப் பார்த்ததும், கெட்டுப்போனதோ என்று திரும்ப வைத்துவிடுகிறவர்கள் உண்டு. கெடவில்லை. பீனட் பட்டர் பிறந்ததே அப்படித்தான்.

வரலாறு
மிதப்பது: இதுதான் மூத்தது. 1884-இல் கனடாவின் மார்செலஸ் எட்சன் வேர்க்கடலை விழுதுக்குக் காப்புரிமை வாங்கினார். 1890-களில் அமெரிக்காவின் மிச்சிகனில் உடல்நல இல்லம் நடத்திய டாக்டர் கெல்லாக் இறைச்சிக்கு மாற்றாக இதைக் கையிலெடுத்தார். அமெரிக்க மளிகைக்காரர்கள் பெரிய வாளியில் வைத்து, மரத்துடுப்பால் கிண்டிக் கிண்டி விற்றார்கள்.
மிதக்காதது: 1920-களில் கலிபோர்னியாவின் ஜோசப் ரோஸ்ஃபீல்ட் எண்ணெயில் கொஞ்சத்தை ஹைட்ரஜனேற்றி, அதாவது ஹைட்ரஜன் சேர்த்து உறைகொழுப்பாக்கிக் கலந்தார், எண்ணெய் பிரியவில்லை. அமெரிக்கப் பிள்ளைகளின் மதிய உணவு டப்பாவுக்குள் ஜாமோடு ஜோடி சேர்ந்து நுழைய இதுவும் ஒரு காரணம் என்பேன்.

உள்ளே இருப்பது
மிதப்பது: கடலை, உப்பு. சில நேரம் உப்பும் இல்லை.
மிதக்காதது: கூடவே உறைகொழுப்பு, பெரும்பாலும் சர்க்கரை. ஆனாலும் அமெரிக்கச் சட்டப்படி 90 சதவீதம் கடலை இருந்தாக வேண்டும்.

வசதி
மிதப்பது: அடிவரை கிண்ட வேண்டும், கை பிசுபிசுக்கும். திறந்தபின் ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகி, மெத்தென்ற ரொட்டியைக் கிழிக்கும்.
மிதக்காதது: அலமாரியிலேயே கிடக்கும்.

விலை: பெரும்பாலும் மிதக்காததே மலிவு.

காலை அவசரத்தில் சாண்ட்விச் கட்டுகிறவர் மிதக்காததை வாங்கலாம். சாஸ், சூப் செய்கிறவருக்கும், வறுத்த கடலை வாசனைக்காகவே சாப்பிடுகிறவருக்கும் மிதப்பதுதான் சரி. நான் மிதப்பதன் கட்சி. பாட்டிலைத் தலைகீழாக வைத்துவிடுவேன், கிண்டுகிற வேலை பாதி மிச்சம்.