ரோட்டரி கட்டர், மேட், ஸ்கேல்: பல வருடம் வெட்டிப் பார்த்த பிறகு

பேட்ச்வொர்க், அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் வேலை, பழக ஆரம்பிக்கும் எல்லோரும் முதலில் கேட்பது, எந்த ரோட்டரி கட்டர் (உருளும் வட்டப் பிளேடு வைத்த கத்தி) வாங்கலாம் என்றுதான். பல வருடமாகத் துணி வெட்டி, ஒட்டு சேர்த்து, குவில்ட் (நடுவில் பஞ்சு வைத்த ஒட்டுப் போர்வை) தைத்துவரும் எனக்கு அதற்குப் பதில் ஒன்றுதான்: முதலில் நல்ல ஸ்கேல் பாருங்கள். கட்டர் நேராகப் போவது, பக்கத்தில் ஸ்கேல் அசையாமல் நிற்பதால். ஸ்கேல் சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல கட்டரும் கோணலாகத்தான் வெட்டும்.

சட்டையில் ஒரு நூல் (1/8 இன்ச்) கூடக்குறைய இருந்தாலும் போட்டுக்கொண்டால் தெரியாது. பேட்ச்வொர்க்கில் அரை நூல் கூடத் தெரியும். ஒரு வரிசையில் 16 கட்டங்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 1/16 இன்ச் பெரிதாக வெட்டப்பட்டால், வரிசை முடிவதற்குள் ஒரு இன்ச் கூடிவிடும். பக்கத்து வரிசை சரியான அளவில் இருந்தால் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? இழுத்துப் பிடித்துத் தைத்தால் சுருக்கம் விழும். தையலில் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பதெல்லாம் வெட்டும்போதே முடிவாகிவிடுகிறது.

நான் அதிகம் எடுப்பது 6 இன்ச் அகலம், 24 இன்ச் நீளமுள்ள அக்ரிலிக் ஸ்கேல். நீளத்துக்குக் காரணம் இருக்கிறது. குவில்டிங் பருத்தித் துணி பெரும்பாலும் 42 முதல் 44 இன்ச் அகலம் வரும். ஒருமுறை மடித்தால் 21, 22 இன்ச். 24 இன்ச் ஸ்கேல் என்றால் ஒரே ஓட்டத்தில் முழு அகலத்தையும் வெட்டிவிடலாம், நடுவில் ஸ்கேலை நகர்த்த வேண்டாம். இரண்டாவதாக வாங்க வேண்டியது 12½ இன்ச் சதுர ஸ்கேல். குவில்ட்டில் ஒன்றோடொன்று சேர்க்கும் சதுரப் பகுதிக்குப் பிளாக் என்று பெயர். தைத்து முடித்த பிளாக் 12 இன்ச் வர வேண்டுமானால், சுற்றிலும் தையலுக்கு விடும் கால் இன்ச் சேர்த்து அது 12½ இன்ச் இருக்க வேண்டும். சதுர ஸ்கேலை மேலே வைத்தால் எந்த மூலை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

கோடுகள் மெல்லியதாக, வெளிர் துணியிலும் அடர்நிறத் துணியிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். 1/8 இன்ச் கோடுகள் முழுநீளத்துக்கும் இருக்க வேண்டும். முக்கோணம் வெட்டும்போது அதன் அருமை புரியும். தைத்த பிறகு 4 இன்ச் சதுரமாக நிற்க வேண்டிய இரட்டை முக்கோணத்துக்கு (இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரம்), 4⅞ இன்ச் சதுரம் வெட்டி மூலைவிட்டமாகப் பிளக்க வேண்டும். நான் 5 இன்ச்சாகவே வெட்டி, தைத்து, பிறகு 4½ இன்ச்சுக்குச் செதுக்கிவிடுவேன். துணி கொஞ்சம் வீணாகும்தான், ஆனால் முனைகள் எல்லாம் பொருந்தி நிற்கும். மூலைவிட்டமாக வெட்டிய ஓரம் கிராஸில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக, இருப்பதால் தொட்டாலே இழுபடும், அதற்கும் இந்தச் செதுக்கல் மருந்து.

இன்னொன்று, ஒரு வேலையை ஆரம்பித்த ஸ்கேலிலேயே முடியுங்கள். ஒரு கம்பெனி ஸ்கேலின் கோட்டுக்கும் இன்னொன்றின் கோட்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கக்கூடும். பாதி மேட்டின் (வெட்டும்போது துணிக்கு அடியில் வைக்கும் விரிப்பு) கோட்டைப் பார்த்து, பாதி ஸ்கேலைப் பார்த்து அளப்பதும் இதே சிக்கலில்தான் விடும்.

சரி, கட்டருக்கு வருவோம். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்தது. இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. பொதுவாகக் கிடைப்பவை 18, 28, 45, 60 மில்லிமீட்டர் பிளேடுகள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 45. நான்கு அடுக்குப் பருத்தியைச் சிரமமில்லாமல் வெட்டும். கனமான அடுக்குகளுக்கும், குவில்ட் முடிந்ததும் பஞ்சோடு சேர்த்து ஓரம் வெட்டவும் 60 சுகமாக இருக்கும். வளைவுகளுக்கு 28. கைப்பிடியில் என் தேர்வு, பிடியைத் தளர்த்தியதும் பிளேடு தானாக உள்ளே போய்விடும் வகை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். சாதாரண வகை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடியைத் தள்ளிவிடும் பழக்கத்தைக் கைக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும்.

கட்டரைவிட அதிலிருக்கும் பிளேடுதான் முக்கியம். குண்டூசி மேல் ஒருமுறை ஏறினால் போதும், விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்துவிடும். அதற்கப்புறம் வெட்டிய பட்டையைத் தூக்கினால் ஆங்காங்கே இரண்டு மூன்று இழைகள் அறுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இடங்களை அளந்து பாருங்கள். 45 மில்லிமீட்டர் பிளேடு என்றால் சுமார் 14 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வரும். பிளேடு ஒரு சுற்றுக்கு உருளும் தூரம் அது. இப்படிச் சீராக விட்டுவிட்டு வந்தால் பள்ளம். தொடர்ச்சியாகவே வெட்டாமல் இழுத்தால் மழுங்கல், அல்லது பிளேடுக்கும் மூடிக்கும் இடையில் பஞ்சுத்தூசி அடைந்திருக்கிறது. கழற்றித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பல சமயம் மறுபடி நன்றாக ஓடும். ஓடவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். மழுங்கிய பிளேடோடு அழுத்தி வெட்டினால் ஸ்கேல் நகரும், மேட்டில் ஆழமாகக் கீறல் விழும், கைக்கும் ஆபத்து. பழைய பிளேடுகளை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள், குப்பையில் அப்படியே போட வேண்டாம்.

மேட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேஜை தாங்கும் பெரிய அளவு வாங்குங்கள். 24-க்கு 36 இன்ச் சௌகரியம், 18-க்கு 24 சமாளிக்கலாம். வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. மேலே வைத்து அயர்ன் செய்யக் கூடாது, சுருட்டியும் வைக்கக் கூடாது. ஒருமுறை நெளிந்த மேட் பழைய நிலைக்கு வருவது கஷ்டம்.

கருவி எல்லாம் நன்றாக இருந்தும் பட்டை நேராக வரவில்லை என்று பலர் சொல்வார்கள். மடித்த துணியில் பட்டை வெட்டி விரித்துப் பார்த்தால், நடுவில், மடிப்பு இருந்த இடத்தில், லேசாக வளைந்து ஆங்கில 'வி' போல நிற்கும். கட்டரின் குறை இல்லை இது. மடிப்புக்கும் ஸ்கேலுக்கும் இடையில் செங்கோணம் தவறியிருக்கிறது. ஸ்கேலின் குறுக்குக் கோடு ஒன்றை மடிப்பின் மேல் பொருத்திவிட்டு வெட்டுங்கள். மூன்று நான்கு பட்டைக்கு ஒருமுறை ஓரத்தை மறுபடி நேராக்குங்கள். அதற்கும் முன்னால் துணிக்கு லேசாகக் கஞ்சி போட்டு அயர்ன் செய்துகொண்டால் நழுவாது. கரைப்பகுதி நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் அதை வெட்டி ஒதுக்கிவிடுவதே நல்லது.

ஸ்கேலைப் பிடிக்கும் கையும் கவனிக்க வேண்டியது. விரல்களை விரித்து ஊன்றி, சுண்டுவிரலை மட்டும் ஸ்கேலின் வெளி ஓரத்துக்கு அப்பால் மேட்டில் பதித்தால் ஸ்கேல் வழுக்காது. இது கட்டர் ஓடும் ஓரத்துக்கு எதிர்ப்பக்க ஓரம். பாதி வெட்டியதும் கட்டரை எடுக்காமல் நிறுத்தி, கையை மேலே நகர்த்தி, பிறகு தொடருங்கள். எப்போதும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகத்தான் தள்ள வேண்டும்.

கத்தரிக்கோலுக்கு இன்னும் இடமிருக்கிறது. அப்ளிக் வேலைக்கு (துணி உருவங்களை வெட்டி மேலே வைத்துத் தைப்பது) நுனி கூரான சின்னது ஒன்று, துணியைப் பிரிக்க 8 இன்ச் ஒன்று, இரண்டும் காகிதத்தைத் தொடாமல் இருந்தால் பல வருடம் உழைக்கும். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள், பிளேடை மறுபக்கம் மாற்றிப் பொருத்த முடிகிற கட்டரா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். பிளேடு ஸ்கேலை ஒட்டிய பக்கம் இருந்தால்தான் அதன் ஓரத்தோடு சேர்ந்து ஓடும்.