சைக்கிள் செயினுக்கு எது: தையல் மெஷின் ஆயிலா, துப்பாக்கி ஆயிலா, பழைய இன்ஜின் ஆயிலா?

வீட்டில் மிச்சம் கிடக்கும் எண்ணெய்களில் செயினுக்கும் ஃப்ரீவீலுக்கும் (பின்சக்கரப் பல்சக்கரம்) என் தேர்வு தையல் மெஷின் ஆயில்தான். துப்பாக்கி ஆயில் அதற்கு அடுத்தது. பைக்கிலிருந்து வடித்த கறுப்பு ஆயில் வேண்டவே வேண்டாம்: கரி, இரும்புத் துகள், அமிலம் எல்லாம் அதில் கலந்திருக்கும், கைத்தோலுக்கும் கெடுதல். சமையல் எண்ணெயும் ஆகாது. நல்லெண்ணெயும் சூரியகாந்தியும் காற்றுப் பட்டுப் பிசினாகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்.

முடிவு செய்வது வழவழப்பு அல்ல, தூசிதான். செயின் தேய்வது உள்ளே, கண்ணிகளைக் கோக்கும் பின்னும் தகடும் உரசும் இடத்தில். எண்ணெய் அங்கே இறங்க வேண்டும். வெளியே நிற்கும் எண்ணெயில் மண் ஒட்டினால் அதுவே உப்புத்தாள் மாதிரி அரைக்கத் தொடங்கும். புது 20W-40 இன்ஜின் ஆயில்கூடத் திறந்த செயினில் இப்படித்தான் மண்ணைச் சேர்க்கும். முழு செயின் கவர் உள்ள பழைய சைக்கிளில் மட்டும் அதைப் போடலாம், அங்கே அது நாள்பட நிற்கும். தையல் மெஷின் ஆயில் நீர்த்தது, கண்ணிக்குள் சட்டென்று இறங்கும், வெளியே மிஞ்சியதைத் துணியால் இழுத்தால் வந்துவிடும்.

செயினை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் முழுக்கக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் உள்ளே தங்கினால் புது எண்ணெயையும் கரைத்துவிடும். செயினின் கீழ் ஓட்டத்தின் உள்பக்கத்தில் ஓர் உருளைக்கு ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கி இருபது சுற்று சுற்றி, இரவு அப்படியே விட்டு, காலையில் வெளிப்புறத்தை அழுத்தித் துடையுங்கள். பலர் தவறவிடுவது இந்தக் கடைசித் துடைப்பைத்தான். ரிம்மிலோ டிஸ்க்கிலோ ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, பிரேக் பிடிக்காது.

தையல் மெஷின் ஆயிலின் குறை மழை. நன்றாக நனைந்தால் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி விட வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஊர்ச் சாலையைப் பொறுத்தது. செயின் கீச்சிட்டால் ஏற்கெனவே தாமதம்.

துப்பாக்கி ஆயிலில் துருத்தடுப்பு சேர்ந்திருக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் சைக்கிளுக்கும் பிரேக் மூட்டுகளுக்கும் அது ஒரு படி மேல்தான். ஆனால் செயினுக்கென்று தேடி வாங்கத் தேவையில்லை. துப்பாக்கிக் குழல் துடைக்கும் திரவம் வேறு. அது கரைப்பான், செயினில் விட்டால் இருக்கும் எண்ணெயும் போகும்.

பாட்டில் ரொம்பப் பழசா? கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு நாலைந்து நாள் கழித்து விரலால் தொடுங்கள். ஒட்டினால் கொட்டிவிடுங்கள். ஃப்ரீவீலில் இந்தச் சோதனை மிக அவசியம்: உள்ளே ஸ்பிரிங் வைத்த சிறு கொக்கிகள் பிசினில் ஒட்டிக்கொண்டால் மிதிக்கும்போது பிடிக்காமல் பெடல் சறுக்கும். சைக்கிளைச் சாய்த்து, சுற்றும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஐந்தாறு சொட்டு, அவ்வளவே.

ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பி.பி. (பெடல் அச்சு) பால்ரஸ்களுக்கு இவற்றில் எதுவும் கூடாது. நீர்த்த எண்ணெய் அங்கிருக்கும் கிரீஸையே கரைத்து வெளியேற்றிவிடும்.