பழைய டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்டி: போட்ட அன்றும், ஐந்து வருடம் கழித்தும்

"அண்ணாச்சி, சிஸ்டத்த ஆன் பண்ணிட்டு காபி போட்டுக் குடிச்சு முடிச்சாத்தான் ஸ்கிரீனே வருது. புதுசே வாங்கிரலாமா, இல்ல இதுலயே எஸ்எஸ்டி போட்டாப் போதுமா?" திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷனிலும் கம்ப்யூட்டர் கடைகளில் வழக்கமாக விழும் கேள்வி இது. எஸ்எஸ்டி என்பது ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக மாட்டும், சிப்களில் தகவலை வைக்கும் டிரைவ். "போடுங்க, பறக்கும்" என்பார் கடைக்காரர். பறக்கும், அதில் பொய் இல்லை. ஆனால் கடைக்காரர் சொல்வது முதல் வாரத்தின் கதை. மூன்றாம் வருடம், ஐந்தாம் வருடம் அது எப்படி இருக்கும், எதனால் போகும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

முதலில், மந்தத்துக்குக் காரணம் டிஸ்க்தானா என்று பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சிஸ்டம் திணறும் நேரத்தில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கிறது, ஆனால் கீழே ஓடும் வேகம் நொடிக்கு 1, 2 எம்பிதான் என்றால் சந்தேகமே வேண்டாம். ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம், தகவலைப் படிக்கும் தலைக்கு நேரே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை நகர்ந்து போக இன்னொரு எட்டு, ஒன்பது மில்லிநொடி. ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை நொடிக்கு எழுபது, எண்பது தடவைதான் தொட முடியும். விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. ஒரு துண்டுக்கு 0.1 மில்லிநொடிதான். இரண்டு, மூன்று நிமிடம் எடுத்த சிஸ்டம் இருபது, இருபத்தைந்து நொடியில் தயாராவது இதனால்தான்.

மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் கதை வேறு. 4 ஜிபி ராமில் குரோமில் பத்து டேப் திறந்தால், இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்கையே ராம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். எஸ்எஸ்டி போட்டால் அந்த இழுவை குறையும், ஆனால் நோய் தீராது. இங்கே முதல் செலவு 8 ஜிபி ராமுக்கு. சிபியு 100 சதவீதத்தில் நின்றால் எஸ்எஸ்டியால் ஒரு பயனும் இல்லை. யூடியூப் சுற்றிக்கொண்டே இருப்பது, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பப் பக்கம் கடைசி நாளில் திறக்காதது இதெல்லாம் டிஸ்க் சம்பந்தப்பட்டதே இல்லை. கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்பவர்களுக்கு கோரல் சீக்கிரம் திறக்கும், ஃபைல் சீக்கிரம் திறக்கும். ஆனால் வீடியோ ரெண்டர் ஆகும் நேரம் ஏறக்குறைய பழையபடிதான்.

அடுத்து மதர்போர்டு. நம் வீடுகளில் இன்னும் ஓடும் இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறை டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் எச்61 போர்டுதான். அதில் டிஸ்க் கேபிளைச் செருகும் சாட்டா போர்ட் எல்லாம் 3 ஜிகாபிட் வேகம். நொடிக்கு 550 எம்பி என்று அட்டையில் போட்டிருக்கும் எஸ்எஸ்டி இதில் 270, 280 எம்பியில் நின்றுவிடும். கவலைப்பட வேண்டாம். பெரிய சினிமா ஃபைலைக் காப்பி செய்யும்போது மட்டுமே அந்த வித்தியாசம் தெரியும்; சிஸ்டம் எழும்புவதில் தெரியாது. எச்81 போர்டில் இரண்டு போர்ட் 6 ஜிகாபிட், இரண்டு 3 ஜிகாபிட். போர்டு கையேட்டைப் பார்த்துச் சரியான போர்ட்டில் செருகுங்கள். யாராவது இந்தப் பழைய போர்டுகளுக்கு என்விஎம்இ டிரைவும் (சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி வகை) அதை மாட்ட பிசிஐஇ அடாப்டரும் விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிரைவ் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பெரும்பாலும் அதிலிருந்து பூட் ஆகாது.

2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி இந்தப் பக்கம் பல வீட்டில் பரணில் கிடக்கிறது. 2.5 அங்குல சாட்டா டிஸ்க்தான் உள்ளே இருப்பது, அதனால் எஸ்எஸ்டி நேராகப் பொருந்தும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். கூடவே வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டாமல் விட்டால் டிரைவ் ஆடி, கனெக்டர் பிடி தளரும். பிராசஸர் சின்னது என்பதால் இதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுவதே உத்தமம்.

விண்டோஸ் பற்றிய கணக்கையும் இதோடு போட்டுவிட வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். மூன்றாம் தலைமுறை சிஸ்டத்துக்கு எஸ்எஸ்டி வாங்குகிறவர் லினக்ஸுக்கு மாறும் எண்ணத்தோடு வாங்கலாம். அல்லது அடுத்த சிஸ்டத்துக்குக் கழற்றி எடுத்துப் போகலாம் என்று வாங்கலாம். சாட்டா எஸ்எஸ்டியில் போட்ட காசு அந்தச் சிஸ்டத்தோடு போகாது. அதே சிஸ்டத்தின் பழைய டிடிஆர்3 ராமுக்குக் கொடுத்த காசு போய்விடும்.

எதை வாங்குவது? 240 ஜிபி போதும் என்பார்கள். விண்டோஸ், ஆபிஸ், டாலி மட்டும் என்றால் போதும். ஆனால் 480, 500 ஜிபிக்கு நீட்டிப்பது வீண் இல்லை, காரணம் கீழே வரும். "எஸ்எஸ்டி எழுத எழுதத் தேஞ்சு போகுமாமே" என்ற பயத்துக்கு ஒரு கணக்கு போதும். கிங்ஸ்டன் ஏ400 240 ஜிபிக்கு நிறுவனம் தரும் எழுத்து வரம்பு, அதாவது மொத்தம் எழுதக்கூடிய அளவு, 80 டெராபைட். நாளுக்கு 10 ஜிபி எழுதுவதாக வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 3.65 டெராபைட். வரம்பைத் தொட ஏறக்குறைய இருபத்திரண்டு வருடம் ஆகும். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு அந்த வரம்பு 300 டெராபைட். வீட்டு உபயோகத்தில் தேய்ந்து சாகும் எஸ்எஸ்டி அரிது. பெரும்பாலும் சாவது, உள்ளே இருந்து டிரைவை நடத்தும் கன்ட்ரோலர் சிப். அல்லது எந்தத் தகவல் எங்கே கிடக்கிறது என்று அது வைத்திருக்கும் கணக்கு கெட்டுப்போகிறது. சிசிடிவி டிவிஆருக்குள் இதைப் போடுவது வேறு விஷயம். இரவு பகலாக எழுதும் இடம் அது, அங்கே ஹார்டு டிஸ்கே இருக்கட்டும்.

மலிவு எஸ்எஸ்டியின் குணம் பெரிய ஃபைல் எழுதும்போதுதான் வெளிவரும். முதல் சில ஜிபி வேகமாக ஓடும். பிறகு கேஷ் (வேகமாக எழுத ஒதுக்கிய இடம்) நிரம்பியதும், ஒரே செல்லில் அதிகத் தகவலை அடைக்கும் கியூஎல்சி வகை என்றால், ஹார்டு டிஸ்கை விடவும் கீழே இறங்கும். டிரைவ் நிரம்ப நிரம்ப அந்தக் கேஷும் சுருங்கும். "போன வருசம் பறந்துச்சு, இப்ப நொண்டுது" என்ற புகாரில் பாதி, 240 ஜிபியில் 225 ஜிபி அடைத்து வைத்திருப்பதால் வருவது. நூற்றுக்குப் பதினைந்து பங்காவது காலியாக விடுங்கள். 480 ஜிபி நல்லது என்றதும் இதற்காகத்தான். 2023-இல் இறங்கிக் கிடந்த விலை 2025 கடைசியில் ஏறிவிட்டது. விலை ஏறும்போது போலிகளும் பெருகும். நம்ப முடியாத விலைக்கு 2 டிபி கிடைத்தால் அதற்குள் இருப்பது 64 ஜிபி மெமரி கார்டாகக்கூட இருக்கலாம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிரைவையும் எழுதிப் படித்துப் பார்த்துவிட்டு உபயோகத்துக்கு எடுங்கள். பில்லை அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். தெர்மல் பேப்பர் பில் பாளையங்கோட்டை வெயிலுக்கு ஒரு கோடை தாங்காது. வாரண்டியோ பெரும்பாலும் மூன்று வருடம்.

வெயில் பற்றி இவ்வளவு போதும். சாட்டா எஸ்எஸ்டி 70 டிகிரி வரை வேலை செய்யும்படி செய்யப்பட்டது. சித்திரை வெயில் அதை ஒன்றும் செய்யாது. நம் ஊரில் உண்மையான எதிரி கரண்ட்.

ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் மரக்கிளை கம்பியில் உரசி ஒரு நாளில் நாலு தடவை கரண்ட் போய்ப் போய் வரும். ஹார்டு டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெரும்பாலும் அந்த ஒரு ஃபைல் கெடும். எஸ்எஸ்டி அந்தக் கணத்தில் தன் கணக்குப் புத்தகத்தையே திருத்திக்கொண்டிருக்கலாம். சர்வர்களுக்கு வரும் எஸ்எஸ்டியில், கரண்ட் போனபிறகும் எழுதி முடிக்கும் அளவுக்குக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். வீட்டு ரகத்தில் அது கிடையாது. அந்தக் கணக்கு கெட்டால் மறுநாள் காலை பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) டிரைவ் பெயரே வராது. சில மலிவு டிரைவ்களில் நிறுவனத்தின் பெயருக்குப் பதில் "சாட்டாஃபர்ம் எஸ்11" என்று வரும். பைசான் எஸ்11 கன்ட்ரோலர் உள்ளே நொடித்துப் போனதற்கான அடையாளம் அது. கிரீச் சத்தம் இல்லை, முன்கூட்டி மந்தம் இல்லை, எச்சரிக்கை இல்லை. ஹார்டு டிஸ்கோ பெரும்பாலும் வாரக்கணக்கில் முனகிவிட்டுத்தான் போகும்.

பெயரே வராத டிரைவைத் தூக்கிப் போடும் முன் ஒரு முயற்சி செய்யலாம். டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு பவர் கேபிளை மட்டும் மாட்டி, அரைமணி நேரம் சும்மா விடுங்கள். அணைத்து அரை நிமிடம் கழித்து மறுபடி அப்படியே அரைமணி நேரம். கன்ட்ரோலர் தன் கணக்கைத் தானே சரிபார்க்க நேரம் கிடைத்தால் சில டிரைவ்கள் எழுந்துவிடும். எழுந்தால் உடனே தகவலை எடுத்துவிடுங்கள், மறுபடி நம்ப வேண்டாம்.

ஆகவே எஸ்எஸ்டி விலையோடு யுபிஎஸ் கணக்கும் சேர வேண்டும். ஒரு டெஸ்க்டாப்புக்கு 600 விஏ போதும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால், ஒன்றும் முக்கியமாகத் திறந்து வைக்காத நேரத்தில் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் சிஸ்டமும் அணைந்தால் உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி முடிந்துவிட்டது. இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் அது தாங்காது. எர்த்தையும் பாருங்கள். கேபினெட்டில் டெஸ்டர் வைத்தால் டெஸ்டர் விளக்கு எரியும் வீடுகள் நிறைய உண்டு. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) சாட்டா பவர் முனை இல்லாமல் மோலெக்ஸ் அடாப்டர் போடுவதானால், ஒரே வார்ப்பாக பிளாஸ்டிக் ஊற்றியதை வாங்காதீர்கள். உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று தொட்டு எரிந்துபோகும் வகை அது. வயர்கள் தனித்தனியாகக் குத்திப் பொருத்தியிருப்பது வெளியிலிருந்தே தெரியும், அதை வாங்குங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரையோரம் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு இன்னொரு வித்தியாசம் புரிந்திருக்கும். நனைந்த எஸ்எஸ்டி, நனைந்திருக்கும்போது கரண்ட் பாயாமல் இருந்தால், நல்ல தண்ணீரில் கழுவி நன்றாகக் காய்ந்தபின் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. சேறு புகுந்த ஹார்டு டிஸ்கை வீட்டில் ஓட்டிப் பார்க்கவே கூடாது, அது நேராக ரெக்கவரி ஆட்களிடம் போக வேண்டியது. ஆனால் தவறுதலாக அழித்த போட்டோவை மீட்பதில் நிலைமை தலைகீழ். எஸ்எஸ்டியில் ட்ரிம் என்ற வேலை, அழித்த இடத்தை அப்போதே துடைக்கச் சொல்லிவிடும். மீட்க ஒன்றும் மிஞ்சாது.

போடும் வேலை அரை நாள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பழைய டிஸ்கின் நிலையைப் பாருங்கள். படிக்கச் சிரமப்படும் இடங்களைக் காட்டும் சி5 வரிசையில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் குளோன் (டிஸ்கை அப்படியே நகல்) செய்யாதீர்கள். பாதியில் நிற்கும், டிஸ்கும் சாகும். முதலில் போட்டோ, டாக்குமெண்ட் மட்டும் எடுத்துவிடுங்கள். டிஸ்க் நன்றாக இருந்தாலும் புதிதாக விண்டோஸ் போடுவதையே பரிந்துரைப்பேன். அதில் எல்லோரும் மறக்கும் இரண்டு: ஃபான்ட்ஸ் ஃபோல்டர், டாலி. பாமினி, வானவில் போன்ற தமிழ் ஃபான்ட்கள் புது டிரைவுக்கு வராமல் போனால், பத்து வருடத்துப் பத்திரிகை ஃபைல்கள் திறக்கும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். டாலி டேட்டா ஃபோல்டரைக் காப்பி செய்து, லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டே டிஸ்கைக் கழற்றுங்கள்.

விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்கின் கேபிள் கழன்றிருக்க வேண்டும். இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் எஸ்எஸ்டியிலும், பூட் ஃபைல் பழைய டிஸ்கிலும் போய் உட்காரும். அப்போது ஒன்றும் தெரியாது. ஒரு வருடம் கழித்துப் பழைய டிஸ்க் செத்த அன்று நல்ல எஸ்எஸ்டியும் பூட் ஆகாமல் நிற்கும். பயாஸில் சாட்டா மோடை ஏஎச்சிஐ என்று வைப்பதும் போடுவதற்கு முன்பே நடக்க வேண்டும். பின்னால் மாற்றினால் நீலத்திரை வரும். டிஃப்ராக் (சிதறிய ஃபைல்களை ஒன்றுசேர்க்கும் வேலை) பற்றிப் பயந்து ஆப்டிமைஸ் டிரைவ்ஸை நிறுத்தாதீர்கள், எஸ்எஸ்டிக்கு அது ட்ரிம்தான் செய்யும்.

பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தால் போதும். ஹெல்த் மெல்ல இறங்குவது இயல்பு. தகவல் கடத்தும்போது வரும் பிழைகளை எண்ணும் சி7 என்ற சிஆர்சி எண் ஏறிக்கொண்டே போனால் டிரைவை மாற்ற ஓடாதீர்கள், முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கனெக்டரில் படியும். கழற்றித் துடைத்துச் செருகினாலே சில சமயம் அந்த எண் ஏறுவது நின்றுவிடும்.

கழற்றிய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஒரு யுஎஸ்பி கேசிங் வாங்கி அதில் போடுங்கள். 2.5 அங்குலத்துக்கு யுஎஸ்பி கரண்டே போதும், 3.5 அங்குலத்துக்குத் தனி அடாப்டரோடு வரும் கேசிங் வேண்டும். மாதம் ஒருமுறை முக்கியமானதை அதில் காப்பி செய்து, கேபிளைக் கழற்றி பீரோவில் வையுங்கள். எஸ்எஸ்டியை இப்படிப் பீரோவில் பூட்ட வேண்டாம். எழுத்து வரம்பைத் தொட்ட வீட்டு ரக எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைக் காத்தால் போதும் என்பதே அதற்கான தரக்கணக்கு. நம் வீட்டுப் பீரோ கோடையில் அதைவிடச் சூடு.