மாத்திரையை நிறுத்தச் சொன்ன டாக்டர்

மதுரையில் நாங்கள் பார்த்த மருத்துவமனையைப் பற்றிப் பாம்பனிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். தடைக்காலம் 61 நாளும் படகு கரையில்தானே கிடக்கும் என்று ஏப்ரல் கடைசியில் வேறொரு மருத்துவமனையில் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் செய்துகொண்டார். பத்து நாள் நன்றாக இருந்தார். மூன்றாவது வாரம் வலி திரும்பியது. இரவில் புரண்டு படுக்க முடியவில்லை, தையலில் ஓரிடத்தில் நீர் கசிந்தது. காய்ச்சல் இல்லை. அங்கே போய்க் கேட்டால், ஆபரேஷன் வலி அப்படித்தான் இருக்கும் என்று ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் மதுரையில் இந்த மருத்துவமனைக்கு வந்தோம். டாக்டர் முதலில் அந்த மாத்திரையை நிறுத்தினார். எனக்குப் பயமாகிவிட்டது. சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும், மாத்திரை உடம்பில் இருந்தால் கிருமி வளராமல் ஏமாற்றிவிடும் என்று உட்காரவைத்துச் சொன்னார். (யாரும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.) உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் சிஆர்பி 86 இருந்தது. ஆபரேஷன் முடிந்த இரண்டு மூன்று நாளில் அது ஏறும், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும், மூன்றாவது வாரத்திலும் இவ்வளவு இருந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் சந்தேகப்பட வேண்டுமாம். இதை முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர் எத்தனை இரவு தூங்கியிருப்பார்!

மருந்து ஏற்றி எடுத்த எம்ஆர்ஐயில் ஸ்க்ரூவை ஒட்டிச் சீழ் தெரிந்தது. மறுநாளே தையலைப் பிரித்து உள்ளே கழுவினார்கள். மேலே கசிந்ததைத் துடைத்து அனுப்பாமல், ஆழத்தில் ஐந்து இடத்தில் சதை எடுத்து அனுப்பினார்கள். காசநோய்க்கும் சேர்த்துப் பார்த்தார்கள். ஸ்க்ரூ ஆடவில்லை, எலும்பும் இன்னும் சேரவில்லை, இப்போது எடுத்தால் முதுகுக்குப் பிடிமானம் போய்விடும் என்று அதை விட்டுவைத்தார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி என்று முடிவு வந்தது. கையில் நீளக் குழாய் போட்டு ஆறு வாரம் ஊசி. 300க்கு மேல் இருந்த சர்க்கரையையும் இன்சுலின் போட்டு இறக்கினார்கள்.

கடைசி மூன்று வாரம் ஊரிலேயே ஊசி போட்டுக்கொள்ள எழுதிக் கொடுத்தார்கள். வாராவாரம் ராமநாதபுரத்தில் ரத்தம் கொடுத்து, முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். மதுரை வரை பஸ்ஸில் குலுங்கிப் போக அந்த முதுகு தாங்காது. சிஆர்பி 86, 41, 19 என்று இறங்கி, கடைசியாக 4.

குறை என்றால் எம்ஆர்ஐ எடுக்கும் இடம்தான். காலை ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டு மாலை நான்கு வரை ஸ்ட்ரெச்சரில் போட்டுவைத்தார்கள். வலியில் இருப்பவரை அப்படி வைக்கக் கூடாது. உள்ளே வைத்தது என்ன ஸ்க்ரூ என்று கேட்டார்கள், எங்களிடம் பழைய ஆபரேஷன் தாள் இல்லை, அதற்கே பாதி நேரம் போனது. நம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அந்தத் தாளைக் கையோடு எடுத்து வாருங்கள்.