பூமுக்கு முட்டுக்கொடுத்து மூன்று வருடம்

என் படகு 19 அடி. ஃபைபர் உடல், ஒற்றைப் பாய்மரம், 3 மீற்றர் நீள அலுமினியப் பூம். பெரிய பாயின் அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிடைக்கழியைத்தான் பூம் என்கிறேன். படகு திருகோணமலை உப்புவெளிக் கரையில் கிடக்கும். சித்திரை பிறந்தால் கடலில் இறக்குவேன், ஐப்பசியில் வாடை எட்டிப் பார்த்ததும் மேலே இழுத்துவிடுவேன். ஆக மூன்று வருடம் என்று தலைப்பில் போட்டாலும் கடலில் ஓடியது ஏறக்குறையப் பதினெட்டு மாதம்தான். மிச்சக் காலமெல்லாம் வெயிலும் மழையும் தின்றவை. அதுவும் ஒரு சோதனைதானே.

முன்பு இருந்தது ரொப்பிங் லிப்ட். பாய்மர உச்சியிலிருந்து பூமின் வால் நுனிக்கு இறங்கும் ஒரு கயிறு, அவ்வளவுதான். மலிவு, உறுதி. ஆனால் மறதிக்காரனுக்கு ஆகாது. ஓடும்போது அதைத் தளர்த்த வேண்டும், பாயை இறக்குமுன் இறுக்க வேண்டும். ஓர் ஆவணி மாதப் பின்னேரம் புறாமலைப் பக்கமிருந்து திரும்பும்போது கச்சான் ஏறிவிட்டது. கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. அதை எதிர்த்துத்தான் வீடு வர வேண்டும், பாயைச் சுருக்காமல் முடியாது. மருமகன் பாயை ஏற்றும் கயிற்றைத் தளர்த்தினான். நான் ரொப்பிங் லிப்டை இறுக்க மறந்திருந்தேன். “மாமா!” என்று அவன் கத்தி முடிப்பதற்குள் பூம் என் தோளில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு கிழமை வலி. நாலு அங்குலம் தள்ளியிருந்தால் தலை.

அதன் பிறகுதான் அடியிலிருந்து தாங்கும் முட்டு தேடினேன். பெரிய படகுகளுக்கு வாயு அடைத்த குழாயோ சுருள்வில்லோ வைத்த முட்டுகள் உண்டு. என் அளவுக்கு இரண்டு ஃபைபர் கம்பிகள் போதும். ஒரு முனை பாய்மரத்தின் அடியில், மறு முனை பூமின் வயிற்றில். கம்பி வில்லாக வளைந்து, நிமிரப் பார்க்கிற பலத்தில் பூமை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பூமைக் கீழே இழுக்கிற வாங் கப்பி வழக்கம்போல் தனியாக வேலை செய்யும். கனடாவில் இருக்கும் மச்சான் வாங்கி அனுப்பினான். விலையைச் சொல்லமாட்டேன், வீட்டில் இதை வாசிப்பார்கள்.

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஐயா பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ஒரு கவைத்தடி நட்டால் முடியிற வேலை இது.” சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

பிழை விட்டது கோணத்தில். பூமும் அதில் சுருட்டிய பாயும் சேர்ந்து 12 கிலோ. பாரத்தின் மையம் நடுவில், அதாவது பாய்மரத்திலிருந்து 1.5 மீற்றரில். முட்டுப் பிடிப்பது 0.9 மீற்றரில். அந்த இடத்தில் மேல்நோக்கி 20 கிலோ பலம் வேண்டும். கம்பிக்கும் பூமுக்கும் இடையில் 45 பாகை இருந்தால் அதன் வழியே 28 கிலோ போகும். 30 பாகை என்றால் 40 கிலோ. கால் வைக்க இடைஞ்சல் என்று கீழ்ப் பிடியை ஒரு சாண் மேலே பொருத்தினேன். கம்பி படுத்துவிட்டது. பூமைத் தூக்குவதை விட்டுப் பின்னால் தள்ளியது, பூமும் மரமும் சேரும் ஊசி ‘கிரீச் கிரீச்’ என்று அழுதது. முதல் பருவம் முழுவதும் அந்த அழுகையோடுதான் ஓடினேன். அடுத்த சித்திரையில் பிடியைக் கீழே இறக்கினேன். பழைய துளைகள் இன்னும் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன.

றிவெட் விஷயத்திலும் அவசரப்படாதீர்கள். என்.சி. வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் வாங்கிய அலுமினிய றிவெட்டுகள் ஆறே வாரத்தில் ஆடத் தொடங்கின. கடையில் பிழையில்லை, அவை கூரைத்தகட்டுக்கானவை. இப்போது இருப்பது 4.8 மில்லிமீற்றர் மோனல், நிக்கலும் செம்பும் கலந்த உலோகம். ஸ்டீல் பிடிக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகடும் அரிப்புத் தடுக்கும் பசையும் வைத்தேன். இரண்டு உலோகம், நடுவே உப்புத் தண்ணீர் என்றால் அலுமினியம்தான் கரையும். வெள்ளை மாவாகப் பூத்தால் அதுதான் அறிகுறி.

சரி, பலன்? பாயைச் சுருக்கும்போது பூம் நின்ற இடத்தில் நிற்கிறது. அதற்காகத்தான் வாங்கினேன், அது கிடைத்தது. எதிர்பாராதது விடியற்காற்று. கோணமலைக்கு வெளியே கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்க, காற்று முகத்தில் பட்டும் படாமலும் இருக்கும். அந்த வேளையில் பூமின் பாரமே பாயின் பின் விளிம்பை இழுத்து, மேற்பாதியில் காற்று வழிந்தோட விடாமல் அடைத்துவிடும். வாங்கைத் தளர்த்தினால் முட்டு பூமைக் கொஞ்சம் தூக்குகிறது, பாய் மூச்சு விடுகிறது. முன்பு படகு நின்றே போயிருக்கும் காற்றில் இப்போது மெல்ல நகர்கிறேன். பின் விளிம்பில் கயிறு உரசித் தையல் பிரிவதும் நின்றது.

அந்த மகிழ்ச்சியில் ரொப்பிங் லிப்டைக் கழற்றி வீசினேன். மடத்தனம். எங்கள் வெயிலில் நங்கூரம் போட்டதும் பூமுக்கு மேலே படங்கு கட்டுவோம். யாராவது எழும்பும்போது பூமைப் பிடித்துத் தொங்குவார்கள். கயிறு அதைத் தாங்கும், இந்தக் கம்பி வளைந்துகொண்டே போகும். ஒரு மாதத்தில் மெல்லிய கயிறாகப் பார்த்துத் திரும்பக் கட்டினேன். பாய் ஏற்றும் கயிறு அறுந்தால் மாற்றாகவும் உதவும்.

கம்பிகளின் நிலைதான் கவலை. இரண்டாம் வருடமே வெயிலில் மேற்பூச்சு உரிந்து இழை வெளியே வந்தது. தெரியாமல் தடவியவன் மூன்று நாள் கை சொறிந்தான். உரசிப் பெயின்ட் அடித்து, பழைய பாய்த்துணியில் உறை தைத்துப் போட்டேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இப்போது ஒரு கம்பியின் நடுவில் நெடுக்காக ஒரு கீறல். புதியதுக்கு மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை கரையில் நிற்கும்போது பாரத்தைக் கம்பியில் விடாமல், பூமின் வாலுக்குப் பூவரசில் வெட்டிய ஒரு கவைத்தடி கொடுத்திருக்கிறேன். வெட்டித் தந்தது அதே ஐயாதான்.